92-88, ஒன்பது நொடி பாக்கி: லீக் கணக்குல மறக்காத கணங்களைப் பகிருங்க

ஓசூர், ஸ்கோரர் மேஜை:
நம்ம பாஸ்கெட்பால் லீக்ல ஆறு அணி, எல்லாரும் எல்லாரோடயும் ஒரு தடவை, விதி எல்லாம் ஃபீபா (உலக பாஸ்கெட்பால் சம்மேளனம்). முதல் ரெண்டு அணி ஃபைனல். கடைசி லீக் மேட்ச் காவேரிப்பட்டணம் – ஓசூர். 92-88, காவேரிப்பட்டணம் முன்னால. 9 நொடி இருக்கு, பந்தும் அவங்களோடது. ஷாட் கிளாக் (ஷாட் போடறதுக்குள்ள நேரம் எண்ணற கடிகாரம்) அணைஞ்சாச்சு. பந்தை நடத்தற பாயிண்ட் கார்டு நடுக்கோட்டுக்கிட்ட மெதுவா தட்டிக்கிட்டே நிக்கறான். வலது கார்னர்ல ஒருத்தன் தனியா, கையைத் தூக்கிக்கிட்டு. ஓசூர்க்காரங்க யாரும் அவன்கிட்ட கூடப் போகல. பாஸ் வரவே இல்ல. ஹாரன் அடிச்சதும் பந்தை வானத்துக்கு வீசுனான், பெஞ்சே உள்ள ஓடி வந்துச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. மூணு அணியும் 4 வெற்றி 1 தோல்வி, 9 லீக் புள்ளி. தங்களுக்குள்ள ஆடுனது: ஓசூர் 78 தர்மபுரி 70; தர்மபுரி 81 காவேரிப்பட்டணம் 75; காவேரிப்பட்டணம் 92 ஓசூர் 88. ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. இந்த மேட்ச்கள்ல போட்டதுல வாங்குனதைக் கழிச்சு வித்தியாசம் பார்த்தா ஓசூர் +4, மத்த ரெண்டும் -2. அடுத்த படி "அதிகப் புள்ளி"ன்னு நினைச்சு மைக்ல காவேரிப்பட்டணத்தை அறிவிச்சாங்க: 167-க்கு 151. அது தப்பு. ஒரு அணிக்கு இடம் முடிவானதும், மிச்சம் இருக்கறவங்களுக்கு விதியை முதல்ல இருந்து ஓட்டணும். மிச்சம் ரெண்டு பேர்தான், அவங்களுக்குள்ள ஜெயிச்சது தர்மபுரி. ஃபைனல் தர்மபுரிக்கு.

காவேரிப்பட்டணத்துக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி வந்திருந்தா -1, தர்மபுரியோட -2-வை விட மேல, ஃபைனல் அவங்களுக்கு. முடிஞ்சுது கதை. அந்தக் கார்னர் பையன் தூக்குன கை இன்னும் கண்ணுல நிக்குது.

பர்கூர்:
கணக்கு சரி. ஆனா ஜெயிச்ச மேட்ச்ல கடைசி பந்தைப் போடறது எதிராளியைக் கேவலப்படுத்தற மாதிரின்னு சொல்லித்தான் எல்லா மாஸ்டரும் வளர்க்கறாங்க. அந்தப் பையன் மரியாதையா நின்னான். அவனைக் குத்தம் சொல்லாதீங்க.

கிருஷ்ணகிரி, கோச்சிங்:
பர்கூர் அண்ணா, அந்தப் பழக்கம் அமெரிக்காவோட என்பிஏ லீக்லயும் உண்டு. அங்க வழக்கமான சீசன்ல சமன் வந்தா புள்ளி வித்தியாசம் கடைசிப் படிக்கட்டு, அதனால நின்னா நஷ்டமில்ல. அதே என்பிஏ 2023-ல இன்-சீசன் டோர்னமெண்ட் தொடங்கி குரூப்ல வித்தியாசத்தைச் சேர்த்ததும், ஜெயிச்ச அணிகளே கடைசி வரைக்கும் ஷாட் போட்டாங்க. ஃபீபாவுல நேருக்கு நேர் வெற்றிக்கு அடுத்த படியே வித்தியாசம்தான். அஞ்சே மேட்ச் ஆடற குட்டி சீசன்ல அது எப்ப வேணா வந்து நிக்கும். எதிராளிக்குத் தெரிஞ்சே போடற பந்துல அவமானம் எங்க இருக்கு?

தர்மபுரி, ஷாட் கிளாக்:
எல்லாரும் கடைசி 9 நொடியையே பேசறீங்க. மூணாவது குவார்ட்டரை யாராவது பார்த்தீங்களா? ஓசூர் ஷாட் ரிங்ல பட்டுச்சு, ரீபவுண்டும் ஓசூருக்கே. 14 வரணும், கிளாக் 24 காட்டுச்சு. அந்த அட்டாக்ல 3 நொடி மிச்சம் இருக்கறப்ப மூணு பாயிண்ட் விழுந்துச்சு. 14 வெச்சிருந்தா எப்பவோ வயலேஷன் (விதிமீறல்). அந்த மூணைக் கழிச்சா 92-85. ஓசூர் +1, காவேரிப்பட்டணம் +1, தர்மபுரி -2. திரும்ப ரெண்டு பேருக்கு ஓட்டுனா காவேரிப்பட்டணம் முதலிடம்!

அதனால புதுசா மேஜையில உக்கார்ற தம்பிங்க இதை மனப்பாடம் பண்ணுங்க. ஒரு விரல் 24 பட்டன்ல, ஒரு விரல் 14-ல எப்பவும் இருக்கணும். ஷாட் கை விட்டதும் எதையும் அமுக்காதீங்க, ரிங்கைப் பாருங்க. பட்டுச்சா? யார் கைக்குப் போகுதுன்னு தெரியற வரைக்கும் காத்திருங்க. டிஃபென்ஸ் எடுத்தா 24, போட்டவங்களே எடுத்தா 14. ரிங்ல படாம பந்து போட்டவங்களுக்கே திரும்பினா கிளாக் அப்படியே ஓடணும். இங்கதான் பாதிப் பேர் பதட்டத்துல ரீசெட் பண்றாங்க. டிஃபென்ஸ் தட்டி வெளிய போனா மிச்ச நேரம் அப்படியே. எதிராளி பாதியில டிஃபென்ஸ் ஃபவுல் பண்ணி த்ரோ-இன் வந்தா: 14-ஓ அதுக்கு மேலயோ இருந்தா தொடாதீங்க, 13-ஓ கீழயோ இருந்தா 14. கடைசி ரெண்டு நிமிஷத்துல டைம்-அவுட் எடுத்து பந்தை முன்பாதிக்குக் கொண்டு போனாலும் 14-க்கு மேல கிடையாது. சந்தேகம் வந்தா பக்கத்துல ஆட்ட நேரம் பார்க்கற டைமரைக் கேளுங்க. தப்பு தெரிஞ்சா உடனே ரெஃபரிகிட்ட சொல்லுங்க. கூடை விழுந்து ஆட்டம் நகர்ந்துட்டா அந்த மூணு பாயிண்டை யாராலயும் எடுக்க முடியாது.

பாலக்கோடு:
ஒரு சந்தேகம். காவேரிப்பட்டணம் ரெண்டு பாயிண்ட்ல முன்னால இருந்து, அஞ்சு வித்தியாசம் வேணும்னு தெரிஞ்சா, சொந்தக் கூடையில போட்டு சமன் பண்ணி ஓவர்டைம் 5 நிமிஷம் வாங்கலாமா?

கிருஷ்ணகிரி, கோச்சிங்:
முடியாது தம்பி. தெரிஞ்சே சொந்தக் கூடையில போட்டா வயலேஷன், புள்ளி செல்லாது, பந்து எதிராளிக்கு. தெரியாம விழுந்தா மட்டும்தான் 2, அதுவும் கோர்ட்ல நிக்கற எதிரணி கேப்டன் பேர்ல.

ஓசூர், கிரவுண்ட் பராமரிப்பு:
கார்னர்ல பாஸ் போகாததுக்கு மரியாதையும் காரணமில்ல, கணக்கும் காரணமில்ல. டிசம்பர் ராத்திரி, திறந்தவெளி சிமெண்ட் கோர்ட், மேல பெயிண்ட். ஏழரைக்கு மேல ஓசூர்ல பனி இறங்கி பெயிண்ட் மேல கண்ணாடி மாதிரி நிக்கும். துடைப்பான் கட்டையில ரப்பர் இருக்கணும். துணி ஈரத்தைப் பரப்பத்தான் செய்யும். ஒவ்வொரு டைம்-அவுட்லயும் ரெண்டு ரிங்குக்குக் கீழயும் ரெண்டு கார்னரும் தள்ளணும். அன்னைக்கு கார்னரை விட்டுட்டாங்க. ஃபைனலுக்குன்னு வாங்குன காம்போசிட் (செயற்கைத் தோல்) பந்தை அன்னைக்கே எடுத்தாங்க, ஈரம் குடிச்சா சோப்பு மாதிரி வழுக்கும். திறந்தவெளிக்கு ரப்பர் பந்துதான் சரி, ஏழாம் நம்பர்.

பர்கூர்:
பனி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே. அந்த ஈரத்துலதான் 92 போட்டாங்க. கணக்கு தெரியாம நின்னதுன்னு இப்ப ஒத்துக்கறேன், ஆனா அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது பெஞ்ச், பையன் இல்ல.

கிருஷ்ணகிரி, கோச்சிங்:
அது சரியான பேச்சு. கடைசி ரவுண்டுக்கு முன்னாடி அசிஸ்டெண்ட் கோச் ஒரு தாள்ல ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் வரிசை எழுதி வெக்கணும்: 1-ல ஜெயிச்சா யாரு, 4-ல யாரு, 5-ல யாரு. அந்தக் குவார்ட்டர்ல ஓசூர் அணியோட ஃபவுல் அஞ்சைத் தாண்டியிருந்துச்சு, அதனால அடுத்த ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோதான். ரிங்கைப் பார்த்து ஓடியிருந்தா போதும், ஒரு ஃபவுல், ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதுல ஒண்ணு விழுந்தா ஃபைனல். கையில டைம்-அவுட்டும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

ஓசூர், ஸ்கோரர் மேஜை:
ஆமா, ஸ்கோர்ஷீட்ல அந்த டைம்-அவுட் எடுத்ததாப் பதிவே இல்ல. ஃபைனலுக்குப் போறது தர்மபுரின்னு திருத்தம் மறுநாள் காலையிலதான் வந்துச்சு. காவேரிப்பட்டணம் பசங்க ஜெர்சி போட்டு வார்ம்-அப்புக்கு லே-அப் லைன்ல ஓடிக்கிட்டு இருந்தாங்க. தர்மபுரி வேன் கேட்டுக்குள்ள வந்தப்பதான் அவங்களுக்கே தெரிஞ்சுது.