ஃப்ரீமார்ட்டினுக்கு 'கொடிமலடு' சரியா வருமா?

வணக்கம். காளைக் கருவோட ரெட்டையா உருவாகி, அதனாலயே மலடா போற கிடேரியை இங்கிலீஷ்ல ஃப்ரீமார்ட்டின் (freemartin) ங்கிறாங்க. அதுக்குத் தமிழ்ச் சொல் தேடுறதுல இதுவரைக்கும் வந்த 'மலட்டுக் கிடேரி', 'இரட்டை மலடு' ரெண்டுமே எனக்கு ஒத்து வரல.

'மலட்டுக் கிடேரி' ரொம்பப் பொதுவா இருக்கு, எந்தக் காரணத்தால சினை பிடிக்காம போனாலும் அப்படித்தான் சொல்றோம். நாம பேர் தேடுறது ஒரே ஒரு காரணத்துக்கு. ரெட்டைச் சினையில ஒண்ணு காளை ஒண்ணு கிடேரின்னு அமைஞ்சா, ரெண்டோட நஞ்சுக்கொடியும் முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே ஒட்டி ரத்தக்குழாய் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடுது, ஆண் கருவோட விரை முந்திக்கிட்டு உருவாகிறதால அதுல சுரக்குற ஹார்மோன் ரத்தத்தோட கிடேரிப் பக்கம் போய், கருப்பையா மாற வேண்டிய முல்லேரியன் குழாயை வளரவிடாம அமுக்கிடுது, சினைப்பையும் சரியா உருவாகாது. காளையோட சேர்ந்து பிறக்குற கிடேரிகள்ல 100-க்கு 90-க்கு மேல இப்படித்தான் மலடாகுது. உடற்கூறு ஆய்வாளர் ஜான் ஹண்டர் 1779-லயே இத விவரிச்சாரு, ரத்தம் வழியா வர்ற ஹார்மோன்தான் காரணம்னு 1916-ல கருவியல் ஆய்வாளர் ஃப்ராங்க் லில்லி சொன்னாரு. இங்கிலீஷ் பேர்ல இதுல எதுவுமே தெரியாது, அதனால அந்தப் பேரைப் பிரிச்சு மொழிபெயர்க்க வேண்டாம், காரணத்துல இருந்து சொல்லை எடுப்போம்.

'இரட்டை மலடு'ல எனக்கு பயமே இருக்கு. ரெண்டும் கிடேரியா பிறந்தா இந்தக் கோளாறே கிடையாது, ஆனா பேரைப் பார்த்து யாராவது நல்ல கிடேரி ரெண்டையும் வித்துட்டா அந்தப் பாவம் நம்ம சொல்லுக்குத்தான். இன்னொண்ணு, கூட இருந்த ஆண் கரு நடுவுலயே செத்துப்போய் கிடேரி மட்டும் ஒத்தையா பிறக்கறதும் உண்டு, அப்பவும் அது ஃப்ரீமார்ட்டின்தான்! ஒத்தைக் கன்னை எப்படி இரட்டைன்னு கூப்பிடுறது?

அதனாலதான் 'கொடிமலடு'ங்கிறேன். நஞ்சுக்கொடி வழியா வந்த மலடு. கொடின்னா தொப்புள்கொடின்னு நினைச்சுப்பாங்களேன்னு கேட்கலாம், நியாயம்தான், ஆனா 'நஞ்சுமலடு'ன்னு வச்சா விஷத்தைத் தின்னு மலடாச்சுன்னு படிச்சுடுவாங்க. 'கொடிக்கலப்பு மலடு' இன்னும் துல்லியம், பாடப்புத்தகத்துல அப்படியே போடலாம், பேச்சுக்கு அது நீளம். கிடேரிங்கிறத சொல்லுக்குள்ள சேர்க்காததுக்கும் காரணம் இருக்கு, செம்மறி ஆட்டுலயும் அபூர்வமா இது வருது, அப்போ 'கொடிமலட்டு ஆடு'ன்னு சொல்லிடலாம்.

வாக்கியத்துல வச்சுப் பார்த்தேன். "காளையோட பிறந்த கிடேரி, கொடிமலடான்னு ரத்தம் எடுத்துப் பாருங்க." "யோனி நீளம் குறைவா இருக்கு, கொடிமலடா இருக்கலாம்." எனக்கு எங்கயும் இடறல. இந்தக் கிடேரியோட ரத்தத்துல பெண்ணோட XX செல், ஆணோட XY செல் ரெண்டும் கலந்து இருக்கறதுக்கும் ஒரு சொல் வேணும், 'கலப்பணு'ன்னு சொன்னா கலப்பினத்தோட குழம்பிடும். 'இருவுயிரணு'ன்னு யோசிச்சேன், மனசு ஒப்பல. மாடு வளர்க்கறவங்க வாயில ஏற்கெனவே இதுக்கெல்லாம் ஏதாவது பேர் இருந்தா அதையே முதல்ல எடுத்துக்கணும், கேட்டவங்க எழுதுங்க.