புதுப்பிப்பு: அடிலெய்டு முதல் உளுரு வரை, தங்கும் இடங்கள்

ஜூலை பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து நாட்டின் நடுவே இருக்கும் உளுரு என்ற பெரும்பாறைக்குக் காரில் போகிறோம், எந்த இரவுகளுக்கு முன்பதிவு தேவை என்று இங்கே கேட்டிருந்தேன். போய்த் திரும்பிவிட்டோம்.

"யுலாராவை முதலில் பிடியுங்கள், மற்றதைப் பிறகு பாருங்கள்" என்று சொன்னவருக்கு என் முதல் நன்றி. உளுருவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் அந்தச் சிற்றூரை விட்டால் பக்கத்தில் தங்க வேறு ஊரே இல்லை. அந்தப் பகுதியின் பெரிய ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தள்ளி. மூன்று மாதம் முன்பே தேடியும் குடும்ப அறை கிடைக்கவில்லை, முகாம் திடலில் ஒரு கேபின்தான் கிடைத்தது. ஜூலை அங்கே குளிர்காலம், இரவுக் குளிர் எலும்பைத் துளைத்தது. கம்பளி கட்டாயம்.

வழியில் கூபர் பீடியில் நிலத்தடி அறையில் தங்கினோம். ஓபல் என்ற ரத்தினக்கல் எடுக்கும் சுரங்க ஊர், பாறையைக் குடைந்த அறைகள். வெளியே நடுங்கினோம், உள்ளே ஹீட்டரே தேவைப்படவில்லை. சன்னல் இல்லாத அந்த அமைதியில் பிள்ளைகள் தூங்கிய தூக்கத்தை மறக்கமாட்டேன்.

ஒரு தவறும் நடந்தது. வழியில் ஒரு விடுதியின் வரவேற்பறை மாலை ஆறுக்கே மூடுவதை நான் கவனிக்கவில்லை. சாவிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தாமதமானால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அதற்காக இருட்டில் விரட்டி ஓட்டாதீர்கள், கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது.

எர்ல்டண்டா சாலையோர விடுதிக்கு இரண்டு நாள் முன்புதான் பதிவு செய்தோம், சிரமமின்றிக் கிடைத்தது.