ரஷ்ய வசைச்சொற்களின் அழுத்தப் பயன்பாடு: அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். ரஷ்ய உரையாடல்களை நேரடியாகத் தமிழாக்கி வருகிறேன். வசைச்சொற்கள் யாரையும் திட்டுவதற்காக அன்றி, அழுத்தம் கூட்டுவதற்காக வரும் இடங்களில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

ஆங்கிலத்தில் இது ஓரளவு எளிது. 'பிளடி கோல்ட்' (bloody cold, கடுங்குளிர்) என்பதைப் போல, வடிவம் மாறாத ஒரு சொல் பெயரடைக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ரஷ்ய மொழியிலோ, 'மாத்' எனப்படும் கடும் வசைமொழியின் மிகச் சில வேர்களே முன்னொட்டும் பின்னொட்டும் ஏற்று வினையாகவும் பெயரடையாகவும் வினையடையாகவும் உருமாறி, 'மிக அருமை', 'ஏராளம்', 'சலித்துவிட்டது' என ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களைத் தருகின்றன. 'காபெத்ஸ் காக் ஹோலத்னா' என்றால் கடுங்குளிர் என்று புரிகிறது. ஆனால் 'காபெத்ஸ்' என்பது மென்மையாக்கப்பட்ட மாற்றுச்சொல்தான். அப்பத்தைக் குறிக்கும் 'பிளின்' என்பதும் அவ்வாறே ஒரு வசைச்சொல்லுக்கு ஈடாக வருவது (சமையல் குறிப்பில் அது உண்மையிலேயே அப்பம்தான்).

2014 ஜூலை 1 முதல் திரைப்படங்களிலும் நாடக மேடையிலும் மாத் சொற்களுக்குச் சட்டத்தடை இருப்பதால், ஆங்கிலத்தைப் போல இவற்றையும் வெறும் அழுத்தச் சொற்களாகக் கொள்ள எனக்குத் தயக்கமாக உள்ளது.

ரஷ்யாவில் படித்தவர்களோ பணிபுரிந்தவர்களோ இங்கிருந்தால், நண்பர்களுக்கிடையே இச்சொற்களின் கடுமை எந்த அளவுக்குக் குறைகிறது என்றும், மூத்தவர்கள் முன்னிலையில் மென்மையான வடிவங்களாவது ஏற்கப்படுமா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன். தமிழில் 'செம', 'பயங்கர' என்று எழுதினால் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.