கலைச்சொல் விவாதம்: அகழ்வு, கழிவு, அயற்சபை

வணக்கம்.

கேள்வியைப் போட்டவள் நான். ஆனால் ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை. நீங்கள் தந்த சொற்களை இங்கே யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விடயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து உள்ளூராட்சிச் சபைகள் ஒன்றாக உட்கார்ந்து, மணலும் கல்லும் எங்கே தோண்டலாம், குப்பையை எங்கே சேர்க்கலாம் என்று பல ஆண்டுகளுக்கு ஒரே ஆவணமாக எழுதிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் Joint Minerals and Waste Plan எனப்படும் அந்த ஆவணத்துக்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இங்கிலாந்தில் இது வழக்கத்தில் உள்ள வேலை. பார்க்ஷயரில் 1998 இல் முழு மாவட்டத்துக்குமான கவுண்டி சபை கலைக்கப்பட்டு, அதிகாரம் ஆறு சபைகளிடம் போனது. அவற்றில் பிராக்னெல் ஃபாரஸ்ட், ரெடிங், வின்சர்–மெய்டன்ஹெட், வோக்கிங்கம் என்ற நான்கும் சேர்ந்து 2036 வரைக்கும் இப்படி ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டன. இதுபற்றிய குறிப்பு ஒன்றைச் சபை உறுப்பினர்களுக்கான பட்டறைக்கு மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

சென்னை நண்பர் தந்தது ‘கனிமங்கள் மற்றும் கழிவுகளுக்கான ஒருங்கிணைந்த திட்டம்’. பொருள் பிழையில்லை. ஆனால் ‘கனிமம்’ என்று எங்கள் ஒழுங்கையில் டிப்பர் ஓட்டும் அண்ணாவிடம் சொன்னபோது, ‘புல்மோட்டை இல்மனைட்டையோ சொல்லுறியள்?’ என்று கேட்டார், கிழக்குக் கரையில் எடுக்கும் உலோகத் தாதுவை நினைத்து. அவருடைய டிப்பரில் அப்போதும் மணல்தான் இருந்தது. தான் ஏற்றுவதும் கனிமம்தான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ‘கனியம்’, ‘கனியவளம்’ என்ற எங்கள் இலங்கைச் சொற்களுக்கும் இதே கதிதான். இந்தத் திட்டங்கள் பேசுவதோ பெரும்பாலும் மணல், சரளை, உடைத்த கல், களிமண் பற்றி. வீடு கட்டவும் வீதி போடவும் தேவையான சாமான்கள். தங்கமும் இரத்தினமும் நினைவுக்கு வரும் ஒரு சொல்லைத் தலைப்பில் வைத்தால், வடமராட்சி கிழக்கில் மணல் போவதைக் கண்ணால் காணும் உறுப்பினரே ‘இது எங்கள் விடயமில்லை’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஆகவே ‘அகழ்வு’ என்கிறேன். ‘மணல் அகழ்வு’, ‘கல் அகழ்வு’ என்று பத்திரிகையில் நாள்தோறும் வருகிறது. யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். அதோடு ‘அகழ்வு’, ‘கழிவு’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், வாயில் எப்படி நிற்கிறது என்று. தோண்டி எடுப்பது ஒன்று, தள்ளிவிடுவது மற்றது. இந்த இரண்டும் ஏன் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன என்று கேட்ட தம்பிக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. தோண்டிய குழி பிறகு குப்பை நிரப்பும் குழியாகிறது. இரண்டுக்கும் லொறி ஓடும், தூசி பறக்கும், இரண்டையும் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் யாரும் விரும்புவதில்லை.

இதற்கு இங்கிலாந்து வரை போகத் தேவையில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டார்கள். அதன்பிறகு கொழும்புக் குப்பைக்கென்று ஆயத்தமான இடம் புத்தளத்து அருவக்காடு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய பகுதி அது. புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கி எதிர்த்தார்கள். அகழ்வும் கழிவும் ஒரே குழிக்குள் சந்தித்த கதை.

அடுத்தது ‘ஒருங்கிணைந்த’. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். மேலேயிருந்து ஒருவர் பலரைக் கூட்டி நடத்துகிற விடயம் அது. நாங்கள் பெயர் வைக்கும் ஆவணம் அப்படியில்லை. ஒவ்வொரு சபையும் தன் மண்டபத்தில் தனித்தனியே கைதூக்கி ஏற்க வேண்டும். ஆனால் ஏற்பது ஒரே பிரதியை. எங்களுடைய பங்குக் கிணறு மாதிரி. காணி உறுதியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு எழுதியிருக்கும், இறைப்பு முறையும் தனி, தண்ணீர் மட்டும் ஒன்று. அதனால் ‘பங்குத் திட்டம்’ என்றே வைக்கலாமோ என்று ஓரிரவு யோசித்தேன். பங்குச் சந்தை குறுக்கே வந்துவிட்டது, கைவிட்டேன். ‘இணைத் திட்டம்’ என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அது ஏற்கெனவே உள்ள ஒரு திட்டத்துக்குப் பக்கத்தில் வரும் துணைத் திட்டம் போல ஒலிக்கிறது, ஐயா மன்னிக்க வேண்டும். ரொறன்ரோ அக்கா சொன்ன ‘கூட்டு’தான் சரி.

ஆனால் யார் கூட்டு? இதுதான் எனக்கு முக்கியம். மூலத்தில் உள்ள ‘அண்டை’ என்ற கருத்தை எல்லோரும் தேவையில்லை என்று விட்டுவிட்டீர்கள். எனக்கு அது இல்லாமல் இந்தச் சொல்லே இல்லை. இங்கிலாந்தில் 2011 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, எல்லை தாண்டும் விடயங்களில் சபைகள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது கடமை என்றே எழுதிவைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தைப் பாருங்கள். ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள், மொத்தம் 17. மாநகர சபையின் குப்பை போவது கல்லுண்டாய் வெளிக்கு. அந்த வெளி இருப்பதோ வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள். புகை மூட்டினால் இருமுவது அயற்சபையின் மக்கள்.

அதைவிடப் பெரிய காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரை நம்பித்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று பெரியவர்கள் சொல்லும் கதையை இங்கே வளர்ந்த எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நிலாவரை வலிகாமம் கிழக்கு, கீரிமலை வலிகாமம் வடக்கு, இரண்டு சபைகள். தேசிக்காய் போனதோ இல்லையோ, ஒரு சபைக் குழியில் ஊறும் அழுக்கு மற்றச் சபையின் எல்லைப் பலகையைப் பார்த்து நின்றுவிடாது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்காகக் கல் எடுத்த குழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வரும்.

ஆகவே என் முன்மொழிவு: முழுப்பெயர் ‘அயற்சபைகளின் அகழ்வு–கழிவுக் கூட்டுத் திட்டம்’. பேச்சில் ‘அகழ்வு கழிவுத் திட்டம்’ போதும்.

‘அயல்’ தமிழகத்தில் வெளிநாட்டைக் குறிக்கும், வெளியுறவுத் திட்டம் போலாகிவிடும் என்று சென்னை நண்பர் தனிமடலில் எச்சரித்தார். நியாயமான கவலை. ஆனால் எங்களுக்கு அயல் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம். அயலட்டை, அயலவர் என்று சொல்லித்தான் செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் ஆள் கூப்பிடுகிறோம். ‘அயலார்’ என்றால் பக்கத்து வீட்டார் என்பது தமிழகத்து அகராதியிலும் இருக்கிறதே. இந்தப் பொருளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இதோடு வரும் இன்னொரு சொல். ஆங்கில landbank ஐ ‘நிலவங்கி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். அதில் நிலமும் இல்லை, வங்கியும் இல்லை. அனுமதி கொடுத்தும் இன்னும் தோண்டாமல் கிடக்கும் மணலும் கல்லும் எத்தனை ஆண்டுக்குக் காணும் என்ற கணக்கு அது. இங்கிலாந்துக் கொள்கையில் மணல், சரளைக்குக் குறைந்தது 7 ஆண்டு, உடைத்த கல்லுக்குக் குறைந்தது 10 ஆண்டு. ‘அகழ்விருப்பு’ (அகழ்வு + இருப்பு) என்கிறேன். ‘ஏழாண்டு அகழ்விருப்பு’ என்றால் கடைக்காரருக்கும் விளங்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி இங்கே அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மத்திய அரசின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம், சபைகள் அல்ல. குப்பைதான் சபையின் பொறுப்பு. ஆகவே இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைக்கிறோம் என்று ஐயா எழுதியது உண்மை. ஆனாலும் பட்டறையில் ஒரு உறுப்பினர் எழும்பி ‘எங்களுக்கு ஏன் இப்படி ஒரு திட்டம் இல்லை’ என்று கேட்பதற்கு முதலில் அவர் வாயில் ஒரு சொல் வேண்டும்.

ஞாயிறு இரவு பிரதியைக் கொடுக்க வேண்டும். அதற்குமுன் மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். அப்புறம், மணற்காடு, குடத்தனைப் பக்கத்தவர்களிடம் ஒரு கேள்வி. நல்ல மணல் இருக்கும் நிலத்தின் மேல் வீடு கட்டி அதை மூடிவிடாமல் பிற்காலத்துக்கென்று ஒதுக்கிவைப்பதும் இந்தத் திட்டங்களில் ஒரு பகுதி. ‘காப்பு நிலம்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், திருப்தியில்லை. தொடாமல் விட்டுவைத்த மணலுக்கு உங்கள் ஊரில் ஏதும் பேச்சுச்சொல் உண்டா?