சரிவில் காரைத் தூக்குபவர்களுக்கு: சாட்ஸ்வொர்த்தில் நான் பார்த்தவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் சமதரை கிடைப்பது அபூர்வம். வீடு மேட்டில், கேட் பள்ளத்தில், கார் நிற்கும் இடம் இரண்டுக்கும் நடுவே சாய்ந்து கிடக்கும். அந்தச் சரிவிலேயேதான் சனிக்கிழமை காலையில் பலர் காரைத் தூக்கி ஆயிலும் பிரேக் பேடும் மாற்றுகிறார்கள். ஒர்க்‌ஷாப் கூலி கட்டுப்படியாகாமல் நானும் வீட்டில்தான் வேலை பார்க்கிறேன். அதனாலேயே, கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, புனித வெள்ளிக்குச் சில நாள் முன்பு. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவதற்காக, பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் தன் பழைய டொயோட்டா டாஸின் எக்ஸாஸ்ட் பைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். முன்பக்கம் முழுக்க ஹாலோ பிளாக் கற்கள் மேல். வெளியே தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான்.

"தம்பி, முதலில் வெளியே வா. அப்புறம் பேசலாம்" என்றேன்.

வந்தார். "வீடே இந்தக் கல்லில்தான் நிற்கிறது அண்ணா, கார் நிற்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுவரில் பாரம் கல்லின் முகம் முழுதும் பரவி இறங்குகிறது. காருக்கு அடியிலோ மொத்த பாரமும் ஒரு சின்ன விளிம்பில் வந்து குத்துகிறது. இரும்பு என்றால் வளைந்து காட்டும். சிமென்ட் கல் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் இரும்புக் கால்களான என் ஜாக்கி ஸ்டாண்டுகளைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடரவிட்டேன்.

இரண்டாவது, ஒரு சிட்டி கோல்ஃப். 2009 வரை இந்த நாட்டிலேயே தயாரான வண்டி; இன்னும் எங்கள் தெருக்களில் நிறைய ஓடுகிறது. உறவினர் ஒருவர் சரிவில் அதன் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். கியர் நியூட்ரலில் இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதே என்ற நம்பிக்கை. பின்சக்கரங்கள் தரையை விட்டதும் கார் ஜாக்கியிலிருந்து நழுவி கேட்டைப் போய் இடித்தது. அடியில் யாரும் இல்லை, அம்மன் புண்ணியம்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே. அவற்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி போயிற்று. சரி, கியரில் போட்டால்? முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால் அதுவும் போதாது. இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் காரணமாக, அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சுற்ற, தரையில் இருப்பது உருண்டுவிடும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். அதுவும் சமதரையில். வீட்டில் சமதரை இல்லையென்றால், தெரிந்தவர் வீட்டு முற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். சரிவில் கட்டையை மட்டும் நம்பி அடியில் படுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். அந்தரத்தில் நிற்கும் காரில் ஸ்பேனரைப் போட்டு உலுக்கக் கூடாது. ஜாக்கி வைக்கும் இடம் காரின் கையேட்டில் இருக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் பழைய கார்களின் கதவுக்குக் கீழ் விளிம்பு துருப்பிடித்து உளுத்துப்போயிருக்கலாம், தட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள். கோடையில் தார் இளகும். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த பிளைவுட் பலகை போடுங்கள்.

ஜாக்கியின் வேலை தூக்குவதோடு முடிந்தது. உள்ளே ஒரு சீல் போனால் ஹைட்ராலிக் ஜாக்கி அப்படியே இறங்கிவிடும். தாங்க வேண்டியது ஸ்டாண்டு. பாரத்தை அதன் மேல் இறக்கியதும் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால், இறக்கி மறுபடி வையுங்கள். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் உடம்புக்கு இடம் மிஞ்சும். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனில் 112.

ஸ்டாண்டு வாங்கும்போது அதில் எழுதிய எடை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று பாருங்கள். ஹைலக்ஸ் மாதிரி பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2020ல் அமெரிக்காவில், உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல் நழுவுகிறது என்று லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பல்லோடு சேர்த்துக் குறுக்கே ஒரு பின்னும் செருகும் வகை கிடைத்தால், கொஞ்சம் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.