29சி பஸ் ஏறி ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

பெரம்பூர்க்காரி:
மகளுக்குக் கல்லூரி பார்க்கிறோம். விண்ணப்பம் எல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. நான் ஸ்டெல்லா மாரிஸில் சேர்ந்தது 1993ல். அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். லீவு போட்டு, வெயிலில் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கி வந்தார். "உள்ள மரந்தான் தெரியுது, காலேஜ் தெரியல" என்றார் வந்ததும். பெரியப்பாவுக்குத்தான் கோபம். பக்கத்திலேயே பாரதி மகளிர் கல்லூரி இருக்க, பொண்ணை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்புகிறாய் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

29சி பெரம்பூரில் கிளம்பும் பஸ். அதனால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். புரசைவாக்கம் தாண்டினால் ஏறுகிறவர்களின் பேச்சு மாறும், ஜெமினி மேம்பாலம் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்களிடம்தான் படித்தேன், ஆனால் தமிழ் மீடியம். பி.ஏ. வரலாறு முதல் செமஸ்டரில் நான் வாயைத் திறந்தது வருகைப் பதிவுக்கு மட்டும்.

ஒரு நாள் தொழிற்சங்க வரலாறு நடந்தது. 1918ல் பி.பி. வாடியா தலைமையில் மெட்ராஸ் லேபர் யூனியன், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று, பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக ஆரம்பித்தது என்று மேடம் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே யாராவது பெரம்பூரா என்று கேட்டார். எழுந்தேன். எங்கள் தாத்தா அந்த மில்லில்தான், நாங்கள் பின்னி மில் என்போம், தறி ஓட்டியவர். 1921 ஸ்டிரைக் பற்றி அவருடைய அப்பா சொன்ன கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். தமிழிலேயே சொல் என்றார் மேடம். மில் பூட்டிக் கிடந்த மாதங்கள், புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள், அடுப்பு மூட்டாத நாட்கள், எல்லாம் சொன்னேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை. "இதை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டு வா, இங்கிலீஷில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஆக்கலாம்" என்றார். எட்டு பக்கம் எழுதினேன். அவர் சிவப்பு மையில் திருத்திய தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அவர்களே போடுவார்கள், பட்டம் மட்டும் மெட்ராஸ் யுனிவர்சிட்டி. அப்படி இருந்ததால்தான் எங்கள் தெருக் கதை ஒரு அசைன்மென்ட் ஆனது என்று எனக்கு ஒரு எண்ணம்.

நாங்கள் முடித்த 1996ல்தான் மில்லையும் மூடினார்கள்.

கல்மண்டபம்:
பெரியப்பா சொன்னதில் தப்பு என்ன? நான் பாரதிதான். 1964ல் அரசு ஆரம்பித்த கல்லூரி. தண்டையார்பேட்டை, ராயபுரம் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் படி ஏறினோம். 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் எங்கள் கல்லூரியில்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். என் அக்கா மகள் சிஸ்டர்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம். எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளி. கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே டிபன் பாக்ஸ். எதிர்வீட்டுக்கு ஆயிரம், இவளுக்கு ஒன்றும் இல்லை. 2024 டிசம்பர் 30ல்தான் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் இவள் மூன்றாம் வருஷம்.

காசிமேட்டு அப்பா:
நான் விசைப்படகில் டிரைவர். பெண் படித்தது நீங்கள் சொல்லும் கல்லூரி இல்லை, கன்னியாஸ்திரீகள் நடத்தும் வேறொன்று, பெயர் வேண்டாம். ஞானஸ்நானச் சான்று, பங்குச் சாமியார் கடிதம் எல்லாம் கொடுத்துத்தான் இடம் வாங்கினோம். அப்புறம்தான் தெரிந்தது, கிடைத்தது சுயநிதிப் பிரிவு என்று. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் உதவிபெறும் பாடத்துக்கு ஒரு ஃபீஸ், அதே கட்டிடத்தில் இதற்கு வேறு ஃபீஸ். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். ஃபீஸ் கட்டச் சொல்வதும் அந்த மாதங்களில்தான். கடலோரத்தில் யாராவது இதை யோசித்துத் தேதி வைத்தால் புண்ணியம். வீட்டுக்காரம்மா சங்கிலி அடகுக்குப் போனது, ஆகஸ்டில் மீட்டோம்.

ஸ்டெல்லா மாரிஸ் என்றால் கடலின் நட்சத்திரம் என்று பொண்ணுதான் சொன்னாள். மாதாவுக்கு அந்தப் பெயர் வைத்தவன் கண்டிப்பாகக் கடலுக்குப் போனவன்தான்.

வியாசர்பாடி:
நல்ல கதைகள்தான். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளை இடஒதுக்கீட்டுக் கட்டாயத்தில் சேர்க்கவில்லை. கிறிஸ்தவர் அல்லாத எங்கள் தெருப் பெண்ணுக்கு இடம் என்பது அங்கே இருக்கும் சிஸ்டரின் மனசைப் பொறுத்தது. எனக்கு மனசு உள்ள ஒரு சிஸ்டர் கிடைத்தார். என் தங்கைக்குக் கிடைக்கவில்லை.

பெரம்பூர்க்காரி:
வியாசர்பாடி, மறுக்க முடியவில்லை. ஸ்டெல்லா மாரிஸே 1947ல் மயிலாப்பூரில் 32 மாணவிகளோடு ஆரம்பித்ததுதான். 32 பேரில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தியாவது இருந்தாளா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அதை நடத்தும் எஃப்.எம்.எம். (பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) கன்னியாஸ்திரீகள் சபை 1877ல் ஊட்டியில் தொடங்கியது என்பதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும், ரோமாபுரியிலிருந்து வந்தவர்கள் என்றே நினைத்திருந்தேன்.

காசிமேட்டு அப்பா, தேதி விஷயம் இதுவரை என் புத்தியில் பட்டதே இல்லை. மகளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சமூகப்பணி படிக்க ஆசை. ஃபீல்ட் ஒர்க்குக்குக் காசிமேடு கேட்டு வாங்குவேன் என்கிறாள். சரி, முதலில் இடம் கிடைக்கட்டும்.