அமெரிக்காவில் டிப்ஸ்: கண்டிப்பாகக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கயல்: அடுத்த மாதம் வேலை விஷயமாக அமெரிக்கா போகிறேன். அங்கே ரெஸ்டாரன்டில் 20 சதவீதம் வரை டிப்ஸ் வைக்கணுமாமே? சம்பளம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு இல்லையா? சாப்பாடு தாமதமாக வந்தாலும் வைக்கணுமா?

முகிலன்: நான் அங்கே சர்வராக இருந்தவன், அதனால் சொல்கிறேன். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டியது மணிக்கு வெறும் 2.13 டாலர். 1991லிருந்து இதே தொகைதான்! டிப்ஸோடு சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரி சில மாநிலங்களில் மட்டும் டிப்ஸைக் கணக்கில் சேர்க்காமல் முதலாளியே முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும். முறை அநியாயம்தான், ஆனால் நீங்கள் டிப்ஸை நிறுத்தினால் அடி விழுவது முதலாளிக்கு இல்லை, தட்டு தூக்குகிறவருக்கு. தாமதம் பெரும்பாலும் சமையலறையில் நடப்பது. அதற்காக அவரைத் தண்டிக்காதீர்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். கூட்டமாகப் போனால் பில்லில் ஏற்கெனவே சேர்த்திருக்கலாம், பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கயல்: காபி வாங்கினால்கூட திரையில் டிப்ஸ் கேட்குமாமே?

முகிலன்: கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு போவதற்குக் கட்டாயமில்லை. கூச்சப்படாமல் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

செல்வி: ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்கிறவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கிளம்பும் நாளில் மொத்தமாக வைக்காமல் தினமும் வையுங்கள் கயல், ஆள் மாறலாம். பக்கத்தில் 'நன்றி' என்று ஒரு சீட்டும் இருக்கட்டும். இல்லாவிட்டால் மறந்து வைத்த பணம் என்று தொடமாட்டார்கள்.